கரண்ட் போனால் ஊமையாகும் மிடி பெட்டி: ஃபர்ம்வேரைத் தானாக ஏற்ற வைத்த கதை

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவிடம் ஒரு பழைய கணினி இருக்கிறது, லினக்ஸ் போட்டது. கீபோர்டும் பழசு, ஐந்து முள் மிடி சாக்கெட்தான் உண்டு (மிடி என்பது எந்தக் கட்டையை அழுத்தினோம் என்று இசைக்கருவி சொல்லும் மொழி), யுஎஸ்பி கிடையாது. இரண்டையும் இணைப்பது எம்-ஆடியோவின் மிடிஸ்போர்ட் 2×2 என்ற சின்னப் பெட்டி. கீபோர்டில் அழுத்துவது அதன் வழியாக ஃப்ளூயிட்சிந்த் மென்பொருளுக்குப் போய், ஆர்கனாகவோ வீணையாகவோ ஸ்பீக்கரில் வரும்.

"அண்ணே, கரண்டு போய் வந்தா மட்டும் பொட்டி பேச மாட்டேங்குது" என்றார் கீபோர்டு வாசிக்கிற தம்பி. அவர் விசைப்படகுக்காரர். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்தான் குழுவில் பாதிப் பேருக்கு நிம்மதியாக ஒத்திகை பார்க்கக் கிடைக்கும் காலம். அதிலும் பாதி நேரம் பெட்டியோடு மல்லுக்கட்டிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தத் தீவில் எது ரிப்பேர் ஆனாலும் முதல் சந்தேகம் உப்புக்காற்றின் மேல்தான். கேபிளை மாற்றி, சாக்கெட்டைக் கிளீனர் போட்டுத் துடைத்துப் பார்த்தோம். மாற்றமில்லை. உப்பு அரித்த முனை என்றால் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டு வேலை செய்யும். கரண்ட் போன பிறகு மட்டும் சரியாகக் காலை வாராது. அந்த ஒழுங்குதான் என்னை வேறு பக்கம் தேட வைத்தது.

பெட்டி ஊமையாக இருக்கும்போது, யுஎஸ்பியில் செருகியவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளை கொடுத்தால் அதன் எண் 0763:1001 என்று வந்தது. முதல் பாதி நிறுவனத்துக்கு உரியது, இரண்டாம் பாதி சாதனத்துக்கு உரியது. கணினி பெட்டியைப் பார்க்கிறது, ஆனால் ஒலிப் பிரிவில் மிடி போர்ட் எதுவும் இல்லை. இதே பெட்டி ஒழுங்காக வேலை செய்யும்போது எண் 0763:1002. ஒரே சாதனத்துக்கு இரண்டு எண்!

விஷயம் இதுதான். உள்ளே இருப்பது ஈஸி-யுஎஸ்பி வகைச் சில்லு, 8051 மூளை கொண்டது. ஆங்கர் சிப்ஸ் உருவாக்கி, பிறகு சைப்ரஸ் கைக்குப் போன குடும்பம். அது தன் ஃபர்ம்வேரை, அதாவது தன்னை இயக்கும் உள் மென்பொருளை, நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. மின்சாரம் கிடைத்ததும் வெறும் ஆளாக 1001 என்று அறிமுகம் செய்துகொள்ளும். கணினி ஃபர்ம்வேரை யுஎஸ்பி வழியாகவே அதன் ராமுக்குள் எழுதி ஓடவிட்டதும், கம்பியைப் பிடுங்கிச் செருகியதுபோல் இணைப்பை விட்டு, 1002 ஆகத் திரும்பி வரும். மின்சாரம் போனால் ராமில் இருந்தது போச்சு.

அப்படியானால் கணினியை அணைத்துப் போட்டாலும் இப்படி ஆக வேண்டுமே? அங்கேதான் சூட்சுமம். சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை, அணைத்த கணினியும் பல யுஎஸ்பி துளைகளுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். முன்பு யாரோ ஒருமுறை கையால் ஏற்றிய ஃபர்ம்வேர் அந்த வோல்ட்டில் வாரக்கணக்காக உயிரோடு இருந்திருக்கிறது. யூபிஎஸ் பாட்டரி செத்த பிறகுதான் ஒவ்வொரு கரண்ட் கட்டும் அதை அழிக்கத் தொடங்கியது. இதே காரணத்தால், கணினியை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது சோதனையே ஆகாது. பெட்டியைக் கழற்றிச் செருகியே பார்க்க வேண்டும்.

கையால் ஏற்ற எஃப்எக்ஸ்லோட் (fxload) என்ற சிறு கருவி போதும். மிடிஸ்போர்ட்டுக்கு இரண்டு ஹெக்ஸ் ஃபைல்கள் வேண்டும்: லோடர் ஒன்று, 2×2-க்கான ஃபர்ம்வேர் ஒன்று. சில்லுக்கு வெளியே உள்ள நினைவகத்தில் எழுத லோடர்தான் உதவும் என்பதால் அது முதலில் போக வேண்டும். ஏற்றியதும் 1002 வந்தது, கீபோர்டு பேசியது. ஆனால் பூசை நடுவே கரண்ட் போய் வந்தால், வாசிக்கிறவரைக் கருப்புத் திரையில் கட்டளை அடிக்கச் சொல்வது நியாயமில்லை. செருகியதும் தானாக நடக்க வேண்டும்.

அந்த வேலைக்கு லினக்ஸில் இருப்பது யூடெவ் (udev). சாதனம் வந்தது, போனது என்று லினக்ஸின் மையமான கெர்னல் சொல்வதையெல்லாம் கேட்டு, நாம் எழுதி வைத்த ரூல் பொருந்தினால் சொன்ன கட்டளையை ஓட்டும். என் கைக்கு வந்த பழைய ரூல் வேலை செய்தது, ஆனால் லாகில் ஒவ்வொரு முறையும் ஒரு பிழை. யூடெவின் கட்டளைக் கருவியான யூடெவட்மில் (udevadm), நிகழ்வுகளைக் காட்டும் மானிட்டரை ஓடவிட்டுப் பெட்டியைச் செருகினேன். சாதனத்துக்கு ஒரு நிகழ்வு, அதற்குள் இருக்கும் இன்டர்ஃபேஸ் என்ற உட்பிரிவுக்கு இன்னொரு நிகழ்வு என்று வரிசையாக வந்தன. பழைய ரூல் எண்ணை 'ATTRS' என்று, கடைசியில் எஸ் எழுத்தோடு, பன்மையில் கேட்டிருந்தது. பன்மை வடிவம் தாய்ச் சாதனங்களிலும் ஏறிப் போய்த் தேடும். அதனால் இன்டர்ஃபேஸ் நிகழ்வுக்கும் பொருந்தி, எஃப்எக்ஸ்லோட் இரண்டாம் தடவை, எந்தச் சாதனத்தில் எழுதுவது என்றே தெரியாமல் ஓடியிருக்கிறது. எஸ் இல்லாத 'ATTR' என்ற ஒருமை வடிவம் அந்த நிகழ்வுக்கு உரியதை மட்டும் பார்க்கும். அதை மாற்றி, சாதன வகை 'யுஎஸ்பி டிவைஸ்' என்ற நிபந்தனையையும் சேர்த்ததும் பிழை நின்றது. இந்த ஓர் எழுத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இந்தப் பதிவையே தொடங்கினேன்.

மற்றபடி ரூலில் கவனிக்க வேண்டியவை: நிகழ்வு 'add' (சாதனம் வந்தது) ஆக இருக்க வேண்டும், எண் 0763, 1001 மட்டும். 1002-ஐச் சேர்த்தால் ஏற்றிய பெட்டிக்கே மறுபடி ஏற்றப் போகும். எஃப்எக்ஸ்லோட்டுக்கும் ஹெக்ஸ் ஃபைல்களுக்கும் முழுப் பாதை கொடுக்க வேண்டும். ஃபைல்களை ஹோம் ஃபோல்டரில் வைக்காதீர்கள். அது தனிப் பார்ட்டிஷனாக இருந்தால், பூட் ஆகும்போது யூடெவ் தேடும் நேரத்தில் இன்னும் திறந்திருக்காது. ரூல் ஃபைலின் பெயர் '.rules' என்று முடிய வேண்டும். சேமித்த பின் யூடெவட்மிடம் ரூல்களை மறுபடி படிக்கச் சொல்லிவிட்டு, பெட்டியைக் கழற்றிச் செருக வேண்டும்.

ரூலுக்குள் ஓடும் கட்டளை சட்டென்று முடிவதாக இருக்க வேண்டும். நீண்ட நேரம் நின்றால் யூடெவ் கொன்றுவிடும். எஃப்எக்ஸ்லோட் அந்த அளவுக்கு நேரம் எடுப்பதில்லை. ஃப்ளூயிட்சிந்தை மட்டும் அதற்குள் திணிக்காமல், பின்னணி வேலைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில் ஒரு சேவையாக வைத்தேன். அதன் மிடி ஆட்டோகனெக்ட் அமைப்பை இயக்கிவிட்டால், புதிதாக வரும் போர்ட்டை அதுவே பிடித்துக்கொள்ளும்.

தம்பி முன்னாலேயே சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டோம். கணினி எழுந்து வந்ததும் அவர் கீபோர்டில் கை வைத்தார், ஆர்கன் ஒலித்தது. "நீங்க ஒண்ணும் அடிக்கலையே அண்ணே?" என்று கேட்டு, மறுபடி அணைக்கச் சொன்னார்.

இதே குடும்பத்தில் வேறு பெட்டி வைத்திருப்பவர்கள் எண்ணை மட்டும் மாற்றினால் போதாது, அதற்குரிய ஹெக்ஸ் ஃபைலும் வேண்டும். 1×1 பெட்டி 1010 ஆக வந்து 1011 ஆக மாறும். 4×4 பெட்டி 1020 ஆக வந்து 1021 ஆக மாறும்.