அந்த மருந்து இப்ப கிடைக்காது

"அந்த மருந்து இப்ப கிடைக்காது ஐயா." நான் சொன்னது இவ்வளவுதான். பொய் இல்லை. மணிக்கூட்டு எழுத்து இருட்டில் ஒளிரப் பூசும், ரேடியம் கலந்த பூச்சை இன்று எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஆனால் பெரியவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தேதான் சொன்னேன், இரண்டு மாதமாக உறுத்துவது அதுதான்.

அவர் கொண்டுவந்தது கார் டாஷ்போர்டில் இருந்த எட்டு நாள் மணிக்கூடு. உள்ளங்கை அகலம், கறுப்பு டயல், கீழே ஒரு குமிழ். ஒரு தடவை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும், பேட்டரி வயர் ஒன்றும் கிடையாது. அவர் தேயிலைத் தோட்டத்துத் துரையின் டிரைவராக இருந்தவர். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை போய்விட, கார் ஷெட்டிலேயே நின்று துருப்பிடித்து, பிறகு இரும்புக்குப் போயிருக்கிறது. போகிற அன்று இவர் கேட்டு வாங்கிக்கொண்டது இந்த மணிக்கூடு மட்டும். அன்றிலிருந்து தலைமாட்டில் வைத்திருந்தாராம். பேரன் காசல்ரி நீர்த்தேக்கத்தில் படகு ஓட்டுகிறான், அவனுக்குக் கொடுக்கப் போகிறேன், ரெண்டே ரெண்டு குறைதான் என்றார். ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பிந்துகிறது. இருட்டில் எழுத்து தெரியவில்லை.

முதல் குறை சுலபம். பின்மூடியைத் திறந்தால் தடித்த பித்தளைத் தகடு, ஓரங்களில் எண்ணெய் காய்ந்து தேயிலைச் சாயம் போல மஞ்சளாக நின்றது. நம் பக்கத்துக் குளிரில் எண்ணெய் தடித்துப்போய் ஓட்டம் குறைவது வழக்கம்தான். ஒரு சொட்டு புது எண்ணெய் வைத்து, எஸ், எஃப் என்று எழுதியிருந்த சின்னக் கைப்பிடியை எஃப் பக்கம், அதாவது வேகமாக ஓடும் பக்கம், மயிரிழை நகர்த்தினேன். டயல் பக்கம் போகவே இல்லை.

"படகுல ஆடுமே தம்பி, ஓடுமா?" என்று கேட்டார். அதற்கு மட்டும் பத்து நிமிடம் பேசினேன். ஊசல் வைத்த மணிக்கூடு என்றால் ஹட்டன் - மஸ்கெலியா பாதையில் முதல் வளைவிலேயே நின்றுவிடும், இதில் இருப்பது பேலன்ஸ் சக்கரமும் ஹெயர் ஸ்பிரிங்கும், எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது தன் பாட்டில் போய்வரும், ஜோன் ஹாரிசன் செய்த மணிக்கூடு 1761இல் கப்பலேறி ஜமைக்கா போனதும் ஊசல் இல்லாமல்தான் என்றெல்லாம் சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிக் கேட்டார். ஹாரிசனுக்குப் பத்து நிமிடம், இரண்டாவது குறைக்கு ஒரே ஒரு வரி.

எனக்குத் தெரியும். எழுத்துகளும் முள்ளும் கருகிய பழுப்பில் இருந்தன, அந்த நிறம் இந்தத் தொழிலில் இருப்பவனுக்குப் பிடிபடும். அந்தக் காலத்துப் பூச்சில் ரேடியமும் துத்தநாக சல்பைடும் இருக்கும். ரேடியத்தின் கதிர் பட்டுப்பட்டு ஒளிர்வது சல்பைடு. முப்பது நாற்பது வருடத்தில் சல்பைடு களைத்துப் போகிறது, வெளிச்சம் நின்றுவிடுகிறது. ரேடியம் களைப்பதில்லை. அது பாதியாகவே 1600 வருடம் ஆகும். எழுத்து இருண்டுவிட்டதால் எல்லாம் செத்துவிட்டது என்று பார்ப்பவர் நினைப்பார், அங்கேதான் ஏமாறுவது.

கண்ணாடி மூடியிருக்கும்வரை பெரிதாகப் பயமில்லை. அதன் ஆல்பா கதிரைக் கண்ணாடியே நிறுத்திவிடும், காமா கொஞ்சம் வெளியே வரும், தலைமாட்டில் வைப்பது நல்லதல்ல, படகில் வைப்பது பரவாயில்லை. சுரண்டித் தூளாக்கி மூச்சில் இழுத்தாலோ வாய்க்குப் போனாலோதான் விஷயம் வேறு. உடம்பு ரேடியத்தைக் கல்சியம் என்று எடுத்துக்கொண்டு எலும்பில் சேர்த்துவிடும். 1920களில் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில், டயலுக்கு எழுத்து வரைந்த பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். தாடை எலும்பு அழுகிச் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை? ஐம்பது வருடம் தலைமாட்டில் வைத்திருந்தவரிடம் எப்படிச் சொல்வது என்று தோன்றியது. அவர் மனைவி புற்றுநோயில் போனவர் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அவர் நினைப்பார், சாகும்வரை நினைப்பார். அந்த நிமிடத்தில் அது கருணை என்றுதான் பட்டது. இப்போது யோசித்தால், கடையில் மூன்று பேர் காத்திருந்ததும் ஒரு காரணம். எது பெரிய காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியப்பா "பழைய பச்சை எழுத்தைத் தொடாதே" என்று மட்டும் சொல்வார், காரணம் சொன்னதில்லை. நான் தொட்டதில்லை. குறைந்தது அந்த ஒரு வரியையாவது நான் பெரியவரிடம் சொல்லியிருக்கலாம்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் பேரன் வந்தான். மணிக்கூட்டை மேசையில் வைத்து, கையால் வெளிச்சத்தை மறைத்துக் காட்டினான். பன்னிரண்டு எழுத்தும் பச்சையாக எரிந்தன. "நீங்க கிடைக்காதுன்னு சொன்னீங்களாம். கொழும்பு புறக்கோட்டையில கிடைச்சிச்சு அண்ணே!" அவ்வளவு பெருமை முகத்தில். இப்போது வருகிற பூச்சு வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டு எரிவது, அதில் கதிரியக்கம் இல்லை, அது நல்ல பூச்சுதான். நான் கேட்டது பழையதைப் பற்றி.

"முன் வளையத்தைத் திருகிக் கழட்டி, பிளேடால சுரண்டிட்டேன். நல்லா தூளா வந்துச்சு, ஊதி விட்டுட்டேன்." எங்கே வைத்து? வீட்டில், சாப்பாட்டு மேசையில். அம்மா பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாராம்.

என் வாயில் வந்தது இதுதான்: மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடை, கூட்டாதே, துணியையும் பிளேடையும் ஒரு பையில் கட்டி என்னிடம் கொண்டுவா. ஏன் அண்ணே என்றான். "பழைய மருந்து, நஞ்சு." எலிப்பாஷாணத்துக்குத் தலையாட்டுவது போலத் தலையாட்டினான். மறுபடியும் அதே அரைகுறைப் பேச்சு. ஒரு தடவை ஊதியதால் என்ன ஆகிவிடப் போகிறது, அளவு மிகமிகச் சின்னது, மாதக்கணக்கில் உதட்டில் வைத்தவர்களும் இவனும் ஒன்றா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அது சரியாகவும் இருக்கலாம். கொழும்பில் அணுசக்திச் சபை இருக்கிறது, போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் மணிக்கூட்டை எடுத்துக்கொள்வார்களோ, கடைக்கு ஆள் வருமோ என்று கை தயங்குகிறது. இதைப் போய்க் கருணை என்று சொல்ல வழியில்லை.

அவன் மணிக்கூட்டைக் கொண்டுவந்ததே முள்ளுக்காகத்தான். முள் மெல்லியது, வளைந்துவிடும் என்று பயந்து அதை மட்டும் சுரண்டாமல் எனக்கு விட்டு வைத்திருக்கிறான். இரண்டு முள்ளிலும் பழுப்பு அப்படியே இருக்கிறது. ஒரு வாரம் ஆகும் என்று சொல்லி வாங்கி, பிஸ்கட் டின்னில் போட்டு மூடி மேல் தட்டில் வைத்தேன். பிளேடும் துணியும் இருந்த பையும் அடுத்த நாளே வந்தது, அதுவும் அந்த டின்னில்தான். முதல் சில நாள் கடை அமைதியாகும்போது டின்னுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. இப்போது நின்றுவிட்டது.

நேற்று பையன் போன் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவே வருகிறாராம், வாங்கிக்கொண்டு போக.