மசாய் மாராவுக்கு மூன்று ஆண்டுச் சேமிப்பு

2022 ஜனவரியில், மகள் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று மாதம் 12,000 ரூபாய் வீதம் வங்கியில் ஒரு தொடர் வைப்பைத் தொடங்கினோம். மூன்று ஆண்டுகள் கழித்து அது முதிர்ந்தபோது, வட்டியுடன் ஏறக்குறைய 4,70,000 ரூபாய் கையில் இருந்தது. நான், கணவர், பதினான்கு வயது மகள் ஆகிய மூவரும் 2025 மே மாதம் இந்தத் தொகைக்குள் போய்த் திரும்பினோம். அதே ஆசையைச் சுமந்துகொண்டு, செலவை நினைத்துத் தயங்குகிறவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் எங்கள் கணக்கை விரிவாக எழுதுகிறேன்.

சுற்றுலா என்றாலே விமானச் சீட்டிலிருந்துதான் நாம் கணக்கைத் தொடங்குவோம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அது தவறு என்று பிறகுதான் தெரிந்தது. காட்டுப் பயணத்தில் செலவைத் தீர்மானிப்பது, எந்த மாதத்தில், எத்தனை நாள் காப்பகத்துக்குள் இருக்கப்போகிறோம் என்பதே. மாராவில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஒன்பது முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கு 50 டாலர். ஆக, எங்கள் மூவருக்கும் முதல் அரையாண்டில் ஒரு நாளுக்கு 250 டாலர், இரண்டாம் அரையாண்டில் 450 டாலர். மூன்று நாளுக்கு 600 டாலர் வேறுபடுகிறது. அப்போதைய மதிப்பில் டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 51,000 ரூபாய்! அந்த மாதங்களில் விடுதி வாடகை ஏறுவது இதில் சேராது.

ஜூலைக்குப் பிறகு விலை ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது. தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் எனும் பெரிய மான் இன விலங்குகள் லட்சக்கணக்கில் புல்லைத் தேடி மாராவுக்குள் வருவதும், மாரா ஆற்றைக் கடப்பதும் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான காலத்தில்தான். மார்ச் முதல் மே வரை அங்கே நீண்ட மழைக்காலம். நம் பள்ளிகளின் கோடை விடுமுறையும் அதே நேரத்தில் வருவதால், ஆற்றைக் கடக்கும் காட்சி எங்களுக்குக் கிடைக்காது என்பதை அறிந்தே மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவை என்பதால் அந்தத் தேர்வில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

அடுத்தது, அந்தக் கட்டணம் எவ்வளவு நேரத்துக்கு என்பது. நுழைவுச் சீட்டு காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். எங்களுக்கு முதலில் வந்த பயணத் திட்டத்தில், நைரோபியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் சாலையில் வந்து சேரும் முதல் நாளிலேயே ‘மாலை நேரச் சஃபாரி’ ஒன்று இருந்தது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு மணிக்கு உள்ளே போய் ஆறு மணிக்கு வெளியே வருவதற்கு முழு நாளின் 250 டாலரைக் கொடுக்க வேண்டும். அதை நீக்கச் சொன்னோம். முதல் நாள் காப்பகத்தின் செக்கெனானி வாயிலுக்கு வெளியே உள்ள கூடார விடுதியில் ஓய்வெடுத்துவிட்டு, அடுத்த மூன்று நாளும் விடியற்காலையில் வாயில் திறக்கும்போதே உள்ளே போய், காலை உணவையும் மதிய உணவையும் பெட்டியில் எடுத்துச் சென்று, மாலைவரை அங்கேயே இருந்தோம். கொடுத்த பணத்துக்கு ஒரு மணி நேரம்கூட வீணாகவில்லை.

இன்னொரு நிறுவனம் கொடுத்த மதிப்பீட்டில் ‘நுழைவுக் கட்டணங்கள் உட்பட’ என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில், மாராவின் கட்டணம் மட்டும் தனி என்றிருந்தது. பணம் கட்டுவதற்கு முன்பே கண்ணில் பட்டது எங்கள் நல்வினை. எந்த நாளுக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு என்று பிரித்து எழுதித் தராத மதிப்பீட்டை ஏற்கவே கூடாது. இந்தியாவில் உள்ள நிறுவனத்திடம் தொகுப்பாக வாங்கினால், ஜிஎஸ்டியுடன் மூலத்தில் வசூலிக்கும் வரியும் சேரும். நாங்கள் சென்ற நிதியாண்டில் பத்து லட்சம் வரை அது 5 விழுக்காடாக இருந்தது. வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் நம் கையில் இருக்காது. நாங்கள் விமானச் சீட்டைத் தனியாக வாங்கி, வண்டியையும் விடுதியையும் நைரோபியில் உள்ளவர்களிடமே ஏற்பாடு செய்துகொண்டோம்.

சென்னையிலிருந்து மும்பை வழியாக நைரோபி சென்று திரும்ப மூவருக்கும் 1,35,000 ரூபாய் ஆயிற்று. ஓட்டுநர், எரிபொருள் உட்பட வண்டிக்கு நாளொன்றுக்கு 250 டாலர் வீதம் ஐந்து நாளுக்கு 1,06,250 ரூபாய். மூன்று நாள் நுழைவுக் கட்டணம் 63,750 ரூபாய். மாரா விடுதியில் மூன்று வேளை உணவுடன் நான்கு இரவுக்கு 74,800, நைரோபியில் இரண்டு இரவுக்கு 13,600. 2024 முதல் கென்யாவுக்கு விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதிதான். ஆளுக்கு 30 டாலரும் அதன்மேல் சிறு கட்டணமும் சேர்த்து மூவருக்கும் ஏறக்குறைய 8,500. ஓட்டுநருக்கான அன்பளிப்பு, காப்பீடு, தடுப்பூசி எல்லாம் சேர்த்து மொத்தம் 4,12,000 ரூபாயை ஒட்டி வந்தது. எஞ்சிய 58,000 ரூபாயை அவசரத்துக்கு என்று தொடாமல் வைத்தோம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குச் செலவு மிகக் குறைவு. கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொண்டோம். ஆனால் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாளுக்கு முன்பே போட்டாக வேண்டும். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பதால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்டால், வெப்பக்காற்றுப் பலூனை விட்டுவிடலாம் என்பேன். ஆளுக்கு 400 டாலருக்கும் மேல். ஆறு நாளில் அம்போசெலி, நக்குரு, மாரா என்று மூன்று இடங்களையும் சுற்றிக்காட்டும் திட்டங்களையும் விட்டுவிடலாம். அவற்றில் பாதிப் பகல் சாலையிலேயே போய்விடும். வண்டி வாடகையோ குறையாது.

வண்டியில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. நாளுக்கு 60 டாலர் குறைவாக வேன் கிடைக்கும் என்றார்கள். மழைக்காலம் என்பதால் நான்கு சக்கர இயக்கமுள்ள லேண்ட் குரூசரையே கேட்டோம். இரண்டாம் நாள் இரவு கொட்டிய மழையில், மறுநாள் காலை பாதை முழுவதும் குழைந்து கிடந்தது. இறங்கிப் பார்த்த கணவர், “இது நம்ம கரிசல் மண்தான்” என்றார். கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவருக்கு அந்த மண்ணைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலணியில் அப்பிய மண் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுற்றுப் பெருத்தது. எங்கள் வண்டி உறுமி உறுமி அந்தப் பள்ளத்தைக் கடந்தது. பின்னால் வந்த வேன் அங்கேயே புதைந்து நின்றது. எங்கள் ஓட்டுநர் கயிறு கட்டி அதை இழுத்து வெளியே விட்டபின்தான் மேலே போனோம்.

அவருக்குக் கொடுத்த அன்பளிப்பு நாளுக்கு 15 டாலர். இந்தக் கணக்கில் மனநிறைவோடு கொடுத்த தொகை அதுதான். அன்று பிற்பகல் வண்டியை அணைத்துவிட்டு, மேய்ந்துகொண்டிருந்த தாம்சன் சிறுமான்களைப் பார்க்கச் சொன்னார். பத்துப் பன்னிரண்டு மான்களும் மேய்வதை நிறுத்தி, ஒரே திசையில் தலையைத் திருப்பி நின்றன. அந்தத் திசையில் எங்களுக்குப் புல்லைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, புல் நுனிகளுக்கு நடுவே இரண்டு சிறிய காதுகள் அசைந்தன. பிறகு கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் அந்தக் கறுப்புக் கோடு தெரிந்தது. சிவிங்கிப்புலி. மகள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நுழைவுக் கட்டணம் அதிகம் என்று பலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரும் தொகைதான். ஆனால் மாராவுக்கு வேலி கிடையாது. காப்பகத்தை ஒட்டிய நிலங்கள் மசாய் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. அவர்களில் பலர் தங்கள் நிலத்தை வனவிலங்குகளுக்காகக் குத்தகைக்கு விட்டு, பயணிகளால் வரும் பணத்திலிருந்து வாடகை பெறுகிறார்கள். அந்த வருவாய் நின்றால் நிலம் வேலிக்குள் போய்விடும். இதை அறிந்த பிறகு அந்த 250 டாலரைக் கொடுக்க எனக்குக் கை கூசவில்லை.

அவசரத் தொகையில் தேநீர், மணிமாலைகள், வங்கி பிடித்த அட்டைக் கட்டணம் ஆகியவற்றுக்கு 14,000 ரூபாய் செலவாயிற்று, 44,000 மிஞ்சியது. திரும்பி வந்த வாரமே மகள் என் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். “அம்மா, 2028 ஜூலையில் நான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருப்பேன். அப்போதும் எனக்குப் பதினேழு வயதுதான், ஐம்பது டாலர் போதும். அந்த அக்டோபர் வந்துவிட்டால் எனக்கும் இருநூறு” என்றாள். புதிய தொடர் வைப்பை ஜூன் மாதமே தொடங்கிவிட்டோம்.