தொகுதி நிதி எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

சட்டமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்கு வெளியிடும் அறிக்கைகளில் நிதி ஒதுக்கப்பட்ட செய்தி பெரிய எழுத்தில் வருகிறது. அந்தப் பணம் இப்போது எங்கே நிற்கிறது என்பது பெரும்பாலும் வருவதில்லை. ஒரு பள்ளிக்கு வகுப்பறை கட்ட வரவு செலவுத் திட்டத்தில் தொகை ஒதுக்கிய பின்னும், மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை எல்லாம் முடிந்தால்தான் அஸ்திவாரக் குழியே தோண்டப்படும்; அதற்குள் நிதியாண்டு முடிந்துவிட்டால், செலவாகாத தொகை பல திட்டங்களில் காலாவதியாகி, மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டியதாகிறது. ஆகவே, தாமதம் எந்தத் துறையில் என்பதை வெளிப்படையாக எழுதும் உறுப்பினரையே நான் மதிக்கிறேன். தெருவிளக்கும் குப்பை அகற்றலும் உள்ளாட்சியின் பொறுப்பு என்றால், யாரிடம் மனுக் கொடுப்பது என்பதையும் அவர் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தோடு தவறான அலுவலகத்துக்கு அலைகிறவருக்கு அந்த ஒரு வரியே ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும்.