பிக்கப்பில் கட்டி இழுக்கும் முன்னே

காங்கிரீட் போடுகிற நாளில் விடியற்காலை திருநெல்வேலி வண்ணார்பேட்டை ரவுண்டானாப் பக்கம் நின்றால் இது கண்ணில் படாமல் போகாது: முன்னால் ஒரு டீசல் பிக்கப், அதன் தொட்டியில் சிமெண்ட் மூட்டையும் ஆட்களும், பின்னால் ஆடி ஆடி வருகிற மிக்சர் மெஷின். கொக்கியில், இரண்டையும் கோத்துப் பிடிக்கிற இரும்புப் பின்னுக்குப் பதிலாக 8 எம்எம் கம்பி ஒன்றை வளைத்துச் செருகியிருப்பார்கள். கேட்டால், "வண்டி இழுக்குல்லா அண்ணாச்சி, பொறகென்ன" என்பார்கள்.

இழுக்கும், சந்தேகமே இல்லை. டர்போ டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டியே தன் முழு இழுவையைக் கொடுத்துவிடும், அதனால் பின்னால் ஒரு டன் தொங்குவது ஓட்டுகிறவர் காலுக்குத் தெரியாது. ஆனால் அந்த மெஷினுக்குப் பிரேக் கிடையாது. அதன் எடையையும் சேர்த்து நிறுத்த வேண்டியது பிக்கப்பின் நாலு சக்கரம்தான்.

முதலில் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். வெறும் வண்டியின் எடை, பாரத்தோடு மொத்த எடை என்று இரண்டு எண் இருக்கும். உதாரணத்துக்கு 1,600, 2,800 என்று இருந்தால் இடையில் கிடைப்பது 1,200 கிலோ. டிரைவரும் இரண்டு ஆளும் 200. சிமெண்ட் 15 மூட்டை, 750. பின்னால் கட்டுகிற மெஷினின் ஏர்க்கால், அதாவது முன்னால் நீண்டிருக்கிற இழுப்புத் தண்டு, நம் கொக்கியை அழுத்துகிற பாரமும் இதில்தான் சேரும், அதற்கு ஒரு 120. ஆக 1,070 ஆகிவிட்டது. மிச்சம் 130 கிலோவில் சென்ட்ரிங் ஷீட் ஏற்ற வழியில்லை. தொட்டியில் ஆள் ஏற்றுவது அதைவிடத் தப்பு. பின்னால் இருந்து மெஷின் இடித்தால் முதலில் அடி வாங்குவது அவர்கள்தான். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் தனி.

எவ்வளவு எடையை இழுக்கலாம்? வண்டியோடு வந்த புத்தகத்தில் எண் இருந்தால் அதுதான் முடிவு. இல்லையென்றால், பிரேக் இல்லாத எதையும் வெறும் வண்டி எடையில் பாதிக்கு மேல் கட்டாதீர்கள். 1,600 கிலோ வண்டிக்கு 800. இந்தக் கணக்குப்படி ஹாப்பர் (ஜல்லி, மணல் கொட்டுகிற வாளி) வைத்த பெரிய மிக்சர் மெஷின் பிக்கப்புக்கு ஆகாது. அதை டிராக்டரில் கட்டுங்கள், இல்லையென்றால் மினி லாரியில் ஏற்றுங்கள். வாடகை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சின்ன மெஷின், கம்ப்ரஸர், சக்கரம் வைத்த ஜெனரேட்டர் இவையெல்லாம் பிக்கப்புக்குச் சரி. அப்போதும் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு இழுக்கக் கூடாது. பின் சக்கரத்தில் எடை இல்லையென்றால் பிரேக் போட்டதும் அது வழுக்கும். மெஷின் வாலைத் தள்ளி வண்டியைக் குறுக்கே திருப்பிவிடும். நாலைந்து மூட்டையைப் பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் வைத்தால் போதும்.

இரண்டு சக்கர டிரெய்லராக இருந்தால், அதன் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு கொக்கியில் இறங்க வேண்டும். 800 கிலோவுக்கு 80 முதல் 120 கிலோ. இதை அளக்க எடை மேடைக்குப் போக வேண்டாம். நெல் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் ஏர்க்காலின் முனையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முனை கொக்கியின் உயரத்துக்கே நிற்கும்படி தராசுக்கு அடியில் பலகை கொடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்குப் பிசகும். பாரம் குறைந்தால் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். கூடினால் பிக்கப்பின் வால் உட்கார்ந்து முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் பிடிப்பே இருக்காது, ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும்.

கொக்கி சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், போல்ட் போட்டு நிற்க வேண்டும். பம்பரில் பற்றவைத்த கொக்கி ஒரு குழியில் இறங்கி ஏறினால் கையோடு வந்துவிடும். கொக்கிப் பின், துளைக்குள் ஆட்டமில்லாமல் நிற்கிற கனத்தில் இருக்க வேண்டும். அடியில் ஸ்பிரிங் கிளிப் கட்டாயம். கட்டுமானக் கம்பி வெட்டுவிசையைத் தாங்கச் செய்ததல்ல, இரண்டு நாள் ஆட்டத்தில் கழுத்துத் தேய்ந்து ஒடியும். அதோடு காப்புச் சங்கிலி இரண்டு வேண்டும், ஏர்க்காலுக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் போக வேண்டும். கொக்கிப் பின் ஒடிந்தாலும் ஏர்க்கால் அந்தச் சங்கிலி மேல் விழும், தார் ரோட்டில் குத்தாது. வளைவில் திரும்பும் அளவுக்குத்தான் தொய்வு, தரையில் இழுபடக் கூடாது.

இனி கமான் பட்டை, வண்டியின் பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை. நம்ம பக்கம் பிக்கப் வாங்கின மறுவாரமே பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பின்னால் இரண்டு பட்டை கூட்டிப் போடுவது வழக்கமாகிவிட்டது. வால் உட்காராது, பார்க்க நன்றாக இருக்கும். கெடுதல் வேறு இடத்தில் நடக்கிறது. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு தண்டு அல்லது ஸ்பிரிங் ஆக்சில் ஹவுசிங்குக்கு வரும். பாரம் ஏறி வால் தாழ்ந்தால் அந்தத் தண்டு நகர்ந்து, பின் பிரேக்குக்குப் போகிற அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக உயர்ந்து நின்றால் குறைக்கும், பின் சக்கரம் பூட்டி வழுக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பட்டை கூட்டினதும் ஒன்றரை டன் ஏற்றினாலும் வால் தாழாது. வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன் பிரேக் மொத்தத்தையும் சுமக்கும், இறக்கத்தில் டிஸ்க் சிவந்து பேட் கருகும். "பேட் சீக்கிரம் தேயுது" என்று அடிக்கடி பட்டறைக்கு வருகிற வண்டிகளில் குனிந்து முதலில் இந்தத் தண்டைத்தான் பார்க்க வேண்டும். பட்டை கூட்டியே ஆக வேண்டும் என்றால் வால்வைத் திரும்ப செட் செய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். சில வண்டியில் அந்தத் தண்டு கழன்று தொங்கும், சிலவற்றில் கம்பியால் தூக்கிக் கட்டியிருக்கும். யார் கட்டினது என்று கேட்டால் பதில் வராது.

பிரேக் ஆயிலும் அப்படித்தான், மறந்துபோகிற சாமான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் கொதிக்க 230 டிகிரி வேண்டும். ஈரம் ஏறினதற்கு 155 போதும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரை வரை போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

டயர் பக்கவாட்டில் 108/106 மாதிரி ஒரு எண் இருக்கும். முதல் எண் 108 என்றால் ஒற்றை டயருக்கு 1,000 கிலோ, 104 என்றால் 900. காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பிடியுங்கள். சித்திரை வெயிலில் நாங்குநேரி வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிட்டால் காற்றுக் குறைவாகி, டயர் இன்னும் சூடேறி வெடிக்கும்.

ரோட்டில் வேகம்: மிக்சர் மெஷினுக்கு ஸ்பிரிங்கும் இல்லை, சக்கரத்தில் கிரீஸ் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதும் இல்லை. 20 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். 40-ல் போனால் பிரேக் பிடித்தபின் ஓடுகிற தூரம் நாலு மடங்காகும். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இரண்டு, இருட்டு நேரமென்றால் பேட்டரி விளக்கும் கட்டுங்கள். நாலுவழிச் சாலையில் லாரிக்காரன் கண்ணுக்கு அந்த இரும்பு, பக்கத்தில் வந்தபிறகுதான் தெரியும்.

டிரெய்லர் நெளிய ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலேட்டரை விடுங்கள். எதிர்த்துத் திருப்பினாலும், பிரேக்கை மிதித்தாலும் நெளிவு கூடும். ஆனி ஆடியில் பணகுடி தாண்டிக் காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் போகிறவர்கள் இதை மனசில் வையுங்கள். அத்தனை காற்றாலையை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும். ஒரு பஸ்ஸின் மறைவிலிருந்து வெளியே வரும்போது சட்டென்று தள்ளும். உயரமாகத் தார்ப்பாய் கட்டின வண்டிக்கு இன்னும் மோசம்.

காரையாரிலிருந்து பாபநாசம் மாதிரி மலை ரோட்டில் இறங்கும்போது, ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதற்குக் கூடுதலாகப் போடக் கூடாது. டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜின் அளவுக்குத் தானாகப் பிடிக்காது, ஆகவே இன்னும் ஒரு கியர் குறைத்தாலும் நல்லதே. நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்காமல், அழுத்திப் பிடித்து வேகம் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். பிரேக் லைனிங் கருகுகிற வாடை வந்தால் ஓரம் கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து ஆறவிடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

நின்றுபோன வண்டியைக் கயிற்றில் இழுப்பது வேறு கதை. இரண்டு வண்டிக்கும் இடையில் 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணி. பின்வண்டியில் சாவி ஆன் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் வளைவிலேயே ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாததால் பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத்தான் லேசாக இருக்கும், பிறகு கல்லாகிவிடும். புதுப் பையனை அங்கே உட்கார வைக்காதீர்கள். நல்ல டிரைவர் பின்வண்டியில்தான் தேவை. கயிறு தொய்யாமல் லேசாகப் பிரேக் கொடுத்துக்கொண்டே வர வேண்டியது அவர்தான்.

திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி மணலில் புதைந்தால் அலற அலற ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஆக்சில் வரை இறங்கும். டயர் காற்றைப் பாதியாக்கி, சக்கரத்துக்கு முன்னே மணலை வெட்டிச் சாய்வு கொடுத்து, மெதுவாக இழுங்கள். நைலான் கயிறு இழுபட்டு அறுந்தால் சவுக்காகத் திரும்பி வரும், முனையில் இரும்பு இருந்தால் ஆளைக் கொல்லும். நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு, கயிற்றின் இரண்டு மடங்கு நீளத்துக்கு ஆட்களை விலக்குங்கள். கயிற்றை மாட்ட 16 எம்எம் ஷாக்கிள் (குறுக்கே பின் போட்டுப் பூட்டுகிற இரும்பு வளையம்), 3.25 டன் என்று முத்திரை அடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். முத்திரை இல்லாதது பழைய இரும்புக்கடைக்கு. ரோடு ஏறினதும் டயருக்குக் காற்றைத் திரும்ப நிரப்பிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

மெஷினைக் கழற்றும்போது சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஏர்க்காலுக்கு முட்டுக் கொடுத்தபின்தான் பின்னை உருவ வேண்டும். அந்தப் பின் இறுகிக் கிடந்தால் சுத்தியலால் அடிக்காமல், டிரைவரிடம் வண்டியை ஓர் அங்குலம் பின்னே விடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒருவரும் நிற்கக் கூடாது, ஏர்க்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிற கொத்தனார் உட்பட.