ஒரு சாண் இடைவெளி

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் செட்டிநாட்டு வீடு. பங்காளிகள் பதினொரு புள்ளி, அதாவது பதினொரு குடும்பம், பாதிப்பேர் வெளியூரில். விற்க மனமில்லை, பூட்டிப்போட்டால் கறையான். கடைசியில் ஊர்ப் பொதுவுக்கு விட்டுவிடலாம் என்று முடிவாகி, நூலகம், தையல் வகுப்பு, சின்ன விசேஷங்களுக்கு ஒரு கூடம் என்ற பட்டியலோடு வேலை என் கைக்கு வந்தது.

முதல் வரைபடத்தில் எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே அடக்கியிருந்தேன். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை உண்டு. அதில் இரண்டைக் கழிப்பறையாக்கினால் போயிற்று என்று நினைப்பு. மேஸ்திரி தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தச் சுவரு தண்ணி குடிக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதன் அர்த்தத்தை என் தப்பின் மூலமாகத்தான் கற்றுக்கொண்டேன். நடையில் சுவரோரம் காரை பெயர்ந்திருந்த இடத்தை, அவசரத்துக்கு, சிமென்ட் வைத்துப் பூசச் சொல்லியிருந்தேன். ஐப்பசி மழை முடிந்ததும் போய்ப் பார்த்தால் சிமென்ட் பூச்சு அப்படியே இருக்கிறது. அதற்கு ஓரடி மேலே, நூறு வருஷம் நின்ற பழைய பூச்சு உப்புப் பூத்து, கை வைத்தால் பொலபொலவென்று உதிர்கிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் இதுவரை சுண்ணாம்பு வழியாகக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. நான் வழியை அடைத்ததால் மேலே ஏறி, திறந்திருந்த இடத்தில் வெளியே வந்திருக்கிறது.

கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பிலேயே பூசினோம். நீற்றிய சுண்ணாம்பு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த தண்ணீர். பார்க்க வந்த எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "முட்டை ஊத்துவீங்களாமே?" ஊற்றுவோம், கடைசிப் பூச்சில் வெள்ளைக்கருவை மட்டும். ஆனால் முட்டைக்குக் கிடைக்கிற பேரில் கால்வாசிகூடக் கூழாங்கல்லுக்குக் கிடைப்பதில்லை. ஈரம் சரியான பதத்தில் இருக்கும்போது உட்கார்ந்து மணிக்கணக்காகத் தேய்க்கும் கைதான் அந்தப் பளபளப்பு.

சரி, தண்ணீர் புழங்கும் எதுவும் பழைய வீட்டுக்குள் வேண்டாம் என்றானது. கழிப்பறை, சமையல், கைகழுவும் இடம் எல்லாம் பக்கவாட்டில் மாட்டுக்கொட்டகை இருந்த மனையில் புதுக் கட்டடமாக எழும். அதைப் பழசு மாதிரியே கட்டிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் ஆசை, எனக்கும்தான். வளவில் நிற்பவை பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்குத் தூண்கள். நானோ கான்கிரீட் பில்லரைத் தேக்கு நிறத்தில் பெயின்ட் அடிப்பதாக வரைந்திருந்தேன். ஒரு நாள் நிஜத் தூணில் சாய்ந்துகொண்டு அந்தத் தாளை விரித்தபோது வெட்கமாக இருந்தது. பழங்கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி 1964இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்ப்பது தன் காலத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும் என்கிறது. கல்லூரியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய வரிதான். செம்புறாங்கல் சுவர், பழைய தாழ்வாரத்தை விடத் தணிந்த ஓட்டுக்கூரை, அலங்காரம் ஒன்றுமில்லை என்று மாற்றி வரைந்தேன். தரைக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல். அது இன்றைக்கும் பக்கத்திலேயே கண்ணாடி மேல் வார்த்துச் செய்கிற பொருள்; யாரையும் போலி செய்வதாகாது.

கடைக்கால் தோண்டும்போதுதான் உண்மையான பயம் வந்தது. பழைய சுவரின் கடைக்கால் நான் எதிர்பார்த்த ஆழத்துக்கு இல்லை. அதை ஒட்டி அதைவிட ஆழமாகத் தோண்டினால், அதற்கு அடியில் இருக்கும் மண் நம் குழிக்குள் சரிந்துவிடும். வேலையை நிறுத்தினோம். புதுப் பில்லர்களை நாலடி தள்ளி நிறுத்தி, அங்கிருந்து தளத்தை மட்டும் பழைய சுவர் வரை நீட்டி, தொடாமல் ஒரு சாண் விட்டோம். பழைய வீடு இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடித்துவிட்டது. புதுசு இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் விரிசல் விடும். நடுவில் கால் வைக்க ஓர் அலுமினியத் தகடு. அதைப் புதுப் பக்கம் மட்டும் திருகியிருக்கிறோம், பழைய பக்கம் சும்மா படுத்திருக்கும்.

வாசல் பிரச்சினையை நான் கணக்காகத்தான் பார்த்தேன். வீட்டின் தரை தெருவிலிருந்து இரண்டரை அடி உயரம். சக்கர நாற்காலிக்கு ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று வைத்தால் முப்பது அடிச் சரிவு வேண்டும். முன்னால் போட்டால் திண்ணையை இடிக்க வேண்டும். பின்வாசலில் இடம் தாராளம், அங்கேயே போட்டுவிடலாம் என்றேன். அந்த வீட்டுக்கு வாழ வந்த ஆச்சி ஒருவர் அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. அன்று சொன்னார்: "அப்பல்லாம் வேலைக்காரவுகதான் அந்தப் பக்கமா வருவாக. இப்ப நடக்க முடியாதவுகளை அந்த வழியா வரச் சொல்றியளா?"

என்னிடம் பதில் இல்லை. சரிவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, எல்லோருக்கும் பொதுவான வாசலையே புதுக் கட்டடத்தில் வைத்தோம். நூலகத்துக்கு வருகிற யாரானாலும் அந்தத் தகட்டைத் தாண்டித்தான் வளவுக்குள் நுழைகிறார்கள். முன்வாசலும் திறந்திருக்கிறது. அந்தத் திண்ணையில் எப்போதும் நாலு பேர் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகட்டைக் கழற்றிப் பார்ப்பதென்று ஏற்பாடு. போன தடவை நானும் மேஸ்திரியும் சேர்ந்து கழற்றினோம். அடியில் இரண்டு பென்சில், ஒரு கேரம் காய், நிறைய மணல். மேஸ்திரி பழைய தரைக்கும் புதுத் தரைக்குமாக ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. புதுசு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இறங்கியிருந்தது. "இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கேரம் காயைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், பிள்ளைகளிடம் கொடுக்க.