அரிசி மூட்டைக்குப் பின்னாடி வச்ச எலி கேக்

போன மாசம் எலித்தொல்லை தாங்காம அம்மா எலி கேக் வாங்கிட்டு வந்து அரிசி மூட்டைக்குப் பின்னாடி ரெண்டு துண்டு வச்சுட்டாங்க, யார்கிட்டயும் சொல்லல. காலைல பாத்தா ஒரு துண்டைக் காணோம், எங்க நாய் டாமி வாயோரத்துல நீலக்கலர் தூள். ஆனா அவன் ஜம்முனு வாலாட்டிட்டு நிக்குறான். "நல்லாத்தானே இருக்கான், விடுடா"ங்குறாங்க அம்மா.

அங்கதான் ஏமாந்துடுவோம். இதுல இருந்தது ப்ரோமடியோலோன்ங்குற எலி விஷம், தின்ன உடனே ஒண்ணும் காட்டாது, உடம்புக்குள்ள விட்டமின் கே வேலையக் கெடுத்து ரத்தம் உறைய விடாம பண்ணிடும், 3-5 நாள் கழிச்சுதான் ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, மூக்குல ரத்தம்னு தெரிய ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டு அக்கா அதுக்குள்ள வாந்தி எடுக்க வைக்கலாம்னு உப்புத்தண்ணியோட வந்துட்டாங்க, வேணவே வேணாம்னுட்டேன், அந்த உப்பே நாய்க்கு விஷமாயிடும். கேக் அட்டைப்பெட்டிய கையோட எடுத்துட்டு டாக்டர்கிட்ட ஓடுனேன், பெட்டியப் பாத்துட்டு ஊசி போட்டு வாந்தி எடுக்க வச்சாரு, நீலமாவே வந்துச்சு. அப்புறம் 4 வாரம் விட்டமின் கே1 மாத்திரை, கோழிக்கறிக்குள்ள ஒளிச்சு வச்சா கறிய மட்டும் தின்னுட்டு மாத்திரைய அழகா துப்பி வைப்பான் ராஸ்கல்.

பூனை வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு, காய்ச்சல்னு பாரசிட்டமால் குடுத்துடாதீங்க, ஒரு மாத்திரையே உயிர எடுத்துடும். நாய்க்குப் போடுற உண்ணி மருந்துல பெர்மெத்ரின்ங்குற பூச்சிக்கொல்லி இருந்தா அதையும் பூனை மேல தடவாதீங்க.

இப்ப எங்க வீட்டுல எலிக்கு கூண்டுதான், உள்ள தேங்கா சில்லு. நேத்து ராத்திரி மாட்டுனது மூஞ்சூறு.