மூன்று இருபதுக்கு அனுப்பிய மெயில்

"அவங்க டைம் ஸோனை மாத்தியிருக்காங்களா?"

"ஆமா சார். யூடிசில இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. கேட்டவர் போனை வைத்துவிட்டார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த "ஆமா" இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அதற்குப் பதினோரு நாள் முன்பு கணக்குப் பிரிவிலிருந்து அவர் விசாரித்த அந்த அம்மா, அலுவலக மெயிலைப் பார்த்துக்கொள்ளும் என்னைக் கூப்பிட்டிருந்தார். "தம்பி, நான் அனுப்புற மெயில் எல்லாம் ராத்திரி நேரம் காட்டுது. இப்போதான் அனுப்பினேன், மணி மூணு. எட்டரைன்னு போட்டிருக்கு." வெப்மெயிலில் நேரம் தப்பு என்று வரும் புகார் பெரும்பாலும் செட்டிங்ஸில் போய்த்தான் முடியும். வெளிநாடு போனபோது மாற்றிவிட்டு மறந்திருப்பார்கள். அல்லது பிரவுசரிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் வசதி அணைந்து கிடக்கும். அதனால் யோசிக்காமல் சொன்னேன்: "டைம் ஸோன் லிஸ்ட்டைத் திறந்து, சரியா தெரியிற வரைக்கும் மாத்திப் பாருங்க மேடம்." அவர் ஒவ்வொன்றாக மாற்றி, யூடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில், வந்து நின்றார். "இப்போ சரியா மூணு காட்டுது." நன்றி சொன்னார். புகாரை முடித்துவைத்தேன்.

மறுநாள் மறுபடி கூப்பிட்டார். "அனுப்பினது சரியா இருக்கு தம்பி. ஆனா வர்றதெல்லாம் விடியக்காலைல வந்த மாதிரி காட்டுது."

"அது அனுப்புறவங்க பக்கம் இருக்கும் மேடம்."

இந்த இடத்தில்தான் நான் நின்றிருக்க வேண்டும். டைம் ஸோன் மட்டும் தப்பாக இருந்தால் அனுப்பியது, வந்தது இரண்டும் ஒரே அளவு, ஒரே பக்கம் நகரும். ஒன்று சரியாகி இன்னொன்று தப்பானால் கோளாறு காட்டுகிற இடத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. இது எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம் இல்லை. அன்றைக்கும் தெரியும்.

எங்கள் வெப்மெயில் இரண்டு மெஷின்களில் ஓடுகிறது, முன்னால், வருகிறவர்களை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் ஒரு லோடு பேலன்சர். ஒருவர் எந்த மெஷினில் நுழைகிறாரோ அதிலேயே பெரும்பாலும் இருப்பார். இரண்டாவது மெஷின் புதிதாக மாற்றியது. அதன் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மெயிலின் 'டேட்' வரியை எழுதுவது வெப்மெயில்தான். ஆக அந்த மெஷினிலிருந்து போன ஒவ்வொரு மெயிலும் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போன தேதியோடு போனது. யூடிசியைத் தேர்ந்தெடுத்ததும், முன்னால் ஓடிய அதே ஐந்தரை மணியை அது கழித்துக் காட்டியது. அவர் திரையில் மட்டும் அனுப்பியவை சரியாகிவிட்டன. பெறுகிறவர்களுக்கு அதே ராத்திரி எட்டரைதான். நோயை ஆற்றாமல் வலியை மட்டும் அமர்த்திவிட்டேன். மெயில் அடிக்கடி லாக்அவுட் ஆகிறது என்று வேறு இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது, உள்ளே நுழைந்த செஷன் காலாவதியானதுபோல் தெரிந்திருக்கிறது. அதையும் தனிப் புகாராகத்தான் பார்த்தேன்.

அப்புறம் அந்த மெயில். மாலை ஐந்து மணிக்குள் ஒப்புதலுக்குப் போக வேண்டியது. மூன்று இருபதுக்கு அனுப்பினார். அதிகாரி மறுநாள் காலையில் திறந்தபோது முந்தைய நாள் இரவு எட்டு ஐம்பது என்று இருந்தது. விளக்கம் கேட்டு மெமோ போட்டார். அந்த அம்மா தன் 'சென்ட்' ஃபோல்டரைப் படம் எடுத்துக் காட்டினார், மூன்று இருபது. ஒரே மெயிலுக்கு இரண்டு நேரம். இவர் செட்டிங்ஸை மாற்றிவிட்டுப் படம் எடுத்திருப்பாரோ என்ற சந்தேகம் வந்து, என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

நான் "ஆமா" என்றேன். நான் சொல்லித்தான் மாற்றினார் என்று சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் அவர்கள் எதற்காகக் கேட்டார்கள் என்பது அந்த நொடியில் எனக்குப் புரிந்திருந்தது.

பிற்பகல் முழுக்க வேலை ஓடவில்லை. கடைசியில் அந்த மெயிலின் ஹெட்டரை, அதாவது மெயிலோடு மறைவாகப் போகும் விவரங்களை, திறந்தேன். இரண்டு நிமிஷ வேலை. வழியில் ஒவ்வொரு சர்வரும் மெயிலை வாங்கிய நேரத்தை எழுதும் 'ரிசீவ்டு' வரிகளைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் இருந்த வரியில் மெயில் சர்வர் வாங்கிய நேரம் 15:20, பக்கத்தில் +0530, யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கும் நம் நேரம் என்பதற்கான குறி. 'டேட்' வரியில் 20:50, அதே +0530. எழுதி முடிப்பதற்கு ஐந்தரை மணி நேரம் முன்பே வந்து சேர்ந்துவிட்ட மெயில். மெயிலின் வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5322 என்ற ஆவணம், 2008-இல் வந்தது, 'டேட்' என்பது எழுதியவர் இது முடிந்தது, போகலாம் என்று சொன்ன நேரம் என்கிறது. அனுப்பு பட்டனை அழுத்திய கணம் என்று உதாரணமும் தருகிறது. அவர் அழுத்திய கணத்தை அவருக்குத் தெரியாமல் நாங்கள் மாற்றி எழுதியிருந்தோம்.

அந்த மெஷினில் பழைய கட்டளைகளைப் பார்த்தேன். நிறுவிய இரவில் யாரோ நேரத்தைக் கையால் அடித்திருந்தார்கள். அந்த யாரோ நான்தான். கடிகாரத்தை நெட்வொர்க் வழியாகச் சரிப்படுத்தும் என்டிபிக்கான வாசல், யூடிபி 123 போர்ட், ஃபயர்வாலில் அடைத்திருந்ததால் நேரம் தானாக ஒத்திசையவில்லை. கடிகாரம் ஐந்தரை மணி பின்தங்கியதுபோல் தெரிந்தது. மெஷின் யூடிசியில் இருந்தது, தெரிந்தது சரியான நேரம்தான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அடித்துவிட்டேன். தூக்கக் கலக்கம், மறுநாள் காலைக்குள் முடிக்க வேண்டிய வேலை, போர்ட்டைத் திறந்துதர ஆளில்லை. இதெல்லாம் காரணம்தான். யார் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் செய்திருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன், சில நாட்களில் நம்பவும் செய்கிறேன்.

அன்று மாலை ஹெட்டரை அச்செடுத்துப் போய் விளக்கினேன். டைம் ஸோனை மாற்றச் சொன்னது நான் என்றும் சொன்னேன். மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். போர்ட்டைத் திறந்து கடிகாரத்தைச் சரிசெய்தோம். ஏற்கெனவே போன மெயில்களின் தேதியைத் திருத்தலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்றேன். 'டேட்' வரியைத் தொட்டால், மெயிலை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிகேஐஎம் டிஜிட்டல் கையெழுத்து உடையும், அதோடு ஆதாரத்தில் கைவைத்த மாதிரியும் ஆகும். அந்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதனாலேயே அவருடைய பதினோரு நாள் மெயில்கள் எல்லோருடைய பெட்டியிலும் ராத்திரியில் அனுப்பியவையாகவே கிடக்கின்றன.

அறிக்கையில் நான் எழுதிய வரி: "இரண்டாம் மெஷினின் கடிகாரம் ஒத்திசைவில் இல்லை." அதிலும் பொய் இல்லை.

அவர் இப்போது எந்த மெயில் அனுப்பினாலும் அடியில், கையெழுத்துக்கு மேலே, நேரத்தைத் தானே டைப் செய்துவிடுகிறார். நேற்று ஒன்று எனக்கு வந்தது. பிரிண்டரைப் பற்றியது. கடைசியில் "நேரம்: காலை 11.05" என்று இருந்தது. ஹெட்டரைத் திறந்து பார்த்தேன். 11:05. கடிகாரம் சரிதான், இனி எழுத வேண்டியதில்லை என்று பதில் எழுத ஆரம்பித்தேன். அதை எழுதினால் மீதியையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. பிரிண்டருக்கு மட்டும் பதில் அனுப்பினேன்.